படகு புறப்படும் முன் நிகழும் குற்றம்

நீர்வழிப் பயணத்தில் மனித உயிருக்கு ஊறு நேரும்படி நடந்துகொள்பவரைத் தண்டிப்பதற்கான விதிகள் இந்தியச் சட்டத்தில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன. ஆயினும் படகு கவிழ்ந்து உயிர்கள் போன பிறகுதான் அவ்விதிகள் பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. கேரளத்தின் தேக்கடி, தானூர், தமிழகத்தின் பழவேற்காடு, குஜராத்தின் வடோதரா என ஒவ்வொரு பெயரோடும் ஒரு துயரம் சேர்ந்து நிற்க, ஒவ்வொரு துயரத்தையும் அடுத்து ஒரு வழக்கும் ஒரு விசாரணையும் சில தடையுத்தரவுகளும் பிறந்து, சில மாதங்களில் படகுத்துறை பழைய நிலைக்குத் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. இதற்குச் சட்டத்தின் வறுமையைக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் சட்டத்தின் சொற்களை ஊன்றிப் படிப்பவருக்கு வேறொரு காரணம் புலப்படும். அதை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

1. சட்டத்தின் சொற்கள்

1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், பொதுநலத்துக்கும் பொதுப் பாதுகாப்புக்கும் எதிரான குற்றங்களுக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, அதில் நீர்வழி பற்றி அடுத்தடுத்து மூன்று பிரிவுகளை வைத்தது. 280ஆம் பிரிவு கலத்தை அசட்டுத் துணிச்சலோடோ கவனக்குறைவாகவோ செலுத்துவதையும், 281ஆம் பிரிவு மாலுமியைத் திசைதிருப்பும் நோக்கோடு பொய் விளக்கையோ பொய்க் குறியையோ மிதவையையோ காட்டுவதையும், 282ஆம் பிரிவு பழுதான அல்லது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய கலத்தில் கூலிக்கு ஆட்களைக் கொண்டுசெல்வதையும் குற்றமாக்கின. 2024 ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இம்மூன்றையும் முறையே 282, 283, 284 என எண் மாற்றி, சொற்களில் பெரிய திருத்தமின்றி ஏற்றுக்கொண்டது. பழைய 282 வேறு, புதிய 282 வேறு என்பதை வழக்குகளைப் படிப்போர் நினைவில் வைக்க வேண்டும்.

‘கலம்’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிகப் பரந்தது. மனிதரையோ பொருளையோ நீர்வழியே கொண்டுசெல்வதற்கென ஆக்கப்பட்ட எதுவும் கலமே ஆகையால், விசைப்படகும் வல்லமும் மட்டுமன்றி ஒகேனக்கல்லின் பரிசலும், பிச்சாவரத்தின் துடுப்புப் படகும், ஏரிகளில் வாடகைக்கு விடப்படும் மிதிபடகும் அச்சொல்லுக்குள் அடங்கும். இயந்திரம் இல்லை, பதிவு இல்லை, உரிமம் தேவையில்லை என்ற எந்த வாதமும் தண்டனைச் சட்டத்தின் பிடியிலிருந்து ஒரு கலத்தை விலக்கிவிடாது.

புதிய 282ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்து விளையும்படியோ பிறருக்குக் காயமோ தீங்கோ நேரக்கூடும்படியோ கலத்தைச் செலுத்துபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 284ஆம் பிரிவின்படி, பயணியின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ பாரத்திலோ உள்ள கலத்தில் அறிந்தோ கவனக்குறைவாகவோ கூலிக்கு ஒருவரைக் கொண்டுசெல்பவருக்கும், கொண்டுசெல்லச் செய்பவருக்கும் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பழைய சட்டத்தில் இவ்விரண்டு குற்றங்களுக்கும் அபராதத்தின் மேல்வரம்பு 1,000 ரூபாயாக இருந்தது. 1860இல் பெருந்தொகையாக இருந்த அந்த ஆயிரம், 2024 வரை மாறாமல் நின்று, தண்டனை என்ற பெயருக்கே பொருந்தாத சிறுதொகையாய்ச் சுருங்கிப்போயிற்று.

இவ்விரு பிரிவுகளிலும் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, எவரும் இறந்திருக்க வேண்டும் என்றோ காயமுற்றிருக்க வேண்டும் என்றோ அவை கேட்பதில்லை. ஆபத்தை உண்டாக்கியதோடு குற்றம் முழுமை பெற்றுவிடுகிறது. இரண்டாவது, 282 சுக்கான் பிடித்தவரை மட்டுமே எட்ட, 284 ‘கொண்டுசெல்லச் செய்பவர்’ என்ற சொல்லால் கரையில் அமர்ந்து சீட்டுக் கொடுத்தவரையும், பாரம் மிகுந்தது தெரிந்தும் புறப்படச் சொன்ன உரிமையாளரையும் எட்டுகிறது. ஆனால் அது கூலிக்கான பயணத்தை மட்டுமே தழுவுவதால், உறவினரையும் நண்பரையும் இலவசமாக ஏற்றிச் செல்பவர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

2. துணிச்சலும் கவனக்குறைவும்

காவல்நிலைய முதல் தகவல் அறிக்கைகளில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்ற தொடர் ஒரே மூச்சில் எழுதப்படுவதால், அசட்டுத் துணிச்சலும் கவனக்குறைவும் ஒன்றே என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சட்டம் அவற்றை வேறுபடுத்துகிறது. 1881இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்ட்ரெய்ட், ‘இது பேகம்’ என்றும் ‘இது பேக்’ என்றும் குறிக்கப்படும் வழக்கில் வகுத்த விளக்கமே இன்றளவும் மேற்கோளாக நிற்கிறது. தீங்கு நேரக்கூடும் என்று அறிந்திருந்தும், நேராது என்று தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டு ஒரு செயலில் இறங்குவது அசட்டுத் துணிச்சல். அச்சூழலில் அறிவுள்ள ஒருவர் எடுத்திருக்க வேண்டிய எச்சரிக்கையை எடுக்காமல் விடுவது கவனக்குறைவு என்பது அதன் சாரம். மேகம் கறுத்துக் காற்று மாறுவதைக் கண்டும் ‘போய்விட்டு வந்துவிடலாம்’ என்று முகத்துவாரத்துக்குப் படகை விடுவது முதல் வகை; அடித்தளத்தில் நீர் ஊறுகிறதா என்று பாராமலே ஆட்களை ஏற்றுவது இரண்டாவது வகை.

எச்சரிக்கை எந்த அளவுக்கு வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் வெறும் பொது அறிவை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், எந்நேரமும் கண்ணாலும் காதாலும் சுற்றுமுற்றும் நோக்கியிருத்தல், சூழலுக்கேற்ற தூரத்துக்குள் நிறுத்தத்தக்க பாதுகாப்பான வேகத்தில் செல்லுதல் ஆகியவற்றைத் தனித்தனி விதிகளாகக் கூறுகின்றன. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு, 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இயற்றப்பட்ட 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பதிவு, கலத்தின் உறுதியைச் சோதிக்கும் அளவாய்வுச் சான்று, தகுதி பெற்ற பணியாளர், காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியதோடு, இயந்திரமில்லாக் கலங்களையும் உள்ளாட்சி அமைப்புகளின் பதிவுக்குள் கொண்டுவர வழிசெய்தது. இவ்விதிகளை மீறியது மட்டுமே தண்டனைச் சட்டத்தின்கீழ்க் குற்றத்தை நிறுவிவிடாது எனினும், கவனம் எங்கே தவறியது என்பதைச் சுட்டும் அளவுகோலாக அவை பயன்படும்.

பயணிகளே ஒருபக்கமாக ஓடியதால்தான் படகு சாய்ந்தது என்ற வாதம் ஏறக்குறைய ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழுகிறது. பாதிக்கப்பட்டவரின் பங்களிப்புக் கவனக்குறைவு உரிமையியல் வழக்கில் இழப்பீட்டைக் குறைக்கலாம். குற்றவியல் வழக்கில் அது விடுதலைக்கு வழியாகாது. மேலும், மேல்தளத்தில் ஆட்கள் கூடக் கூடப் படகின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சிறு சாய்வும் மீள முடியாத கவிழ்ப்பாக மாறும் என்பது படகு கட்டுபவரும் செலுத்துபவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம். கரையில் யானை தெரிந்தால் பயணி எழுந்து பார்ப்பார் என்பதை முன்னுணர்வது அவர்கள் கடமையின் பகுதி.

3. உயிர் போன பிறகு

இறப்பு நேர்ந்துவிட்டால் வழக்கின் எடை மாறுகிறது. 1870இல் பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்ட 304-அ பிரிவு, கொலைக்குற்றம் ஆகாத வகையில் அசட்டுத் துணிச்சலாலோ கவனக்குறைவாலோ மரணம் விளைவிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்றது. புதிய சட்டத்தின் 106(1) பிரிவு அதை ஐந்தாண்டாக உயர்த்தி அபராதத்தையும் சேர்த்தது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தெரிவிக்காமல் தப்பியோடுபவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அது வாகனம் ஓட்டுவதைப் பற்றியே பேசுகிறது. அதுவும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஓட்டுநர்களின் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டது.

இதற்கு மேற்படியில் நிற்பது கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம். மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்த செயலுக்கு, பழைய சட்டத்தின் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியைப் போலவே புதிய 105ஆம் பிரிவும் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. கவனக்குறைவுக்கும் இவ்வறிவுக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்பதை, குடிபோதையில் கார் ஓட்டி நடைபாதையில் உறங்கியவர்களைக் கொன்ற அலிஸ்டர் அந்தோனி பெரேரா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, ஆபத்தை உண்மையிலேயே அறிந்திருந்தவர் கவனக்குறைவு என்ற போர்வைக்குள் ஒதுங்க முடியாது என்று காட்டியது. சாலைக்குச் சொன்ன அந்நெறி நீருக்கும் பொருந்துவதாலேயே, அண்மைக் காலப் படகு வழக்குகளில் காவல்துறை இம்மேற்படியை நாடுகிறது.

ஆயினும் மரணத்தை மையமாகக் கொண்ட பிரிவுகளுக்கு ஒரு தடை உண்டு. 1965இல் குர்பான் உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 304-அ பிரிவின்கீழ்த் தண்டிக்க வேண்டுமானால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் செயலே மரணத்தின் நேரடியான, உடனடியான காரணமாக இருக்க வேண்டும் என்றும், இடையில் இன்னொருவரின் கவனக்குறைவு குறுக்கிட்டால் போதாது என்றும் கூறியது. படகு விபத்தில் இந்த நெறி சுக்கான் பிடித்தவரை எளிதில் சிக்கவைத்து, அவருக்குப் பின்னால் நிற்போரைக் காரணச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. படகை வடிவமைத்தவர், மாற்றிக் கட்டியவர், சோதிக்காமல் சான்று தந்தவர், சீட்டு விற்றவர் ஆகியோரில் எவரும் கவிழ்ந்த கணத்தில் படகைச் செலுத்தவில்லை. அரசின் இசைவின்றிப் பதவி நீக்கம் செய்ய முடியாத பொது ஊழியர் மீது, அவரது அலுவல் கடமை தொடர்பான குற்றத்துக்கு வழக்கு நடத்த முன் அனுமதியும் வேண்டும். இப்போதைய நடைமுறைச் சட்டம் அந்த அனுமதியை 120 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று வரையறுத்திருப்பது மட்டுமே ஆறுதல்.

4. படகுத்துறையின் சாட்சியம்

மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனையாற்றில் ‘ரிடீமர்’ என்ற படகு கவிழ்ந்து உயிரிழந்தார். அளவுக்கு மீறிய கூட்டமே அவ்விபத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அதன்பின் 2002 ஜூலை 27 அன்று, முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு அரசுத் தேர்வெழுதச் சென்றோர் பலரை ஏற்றிய கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு வேம்பநாட்டு ஏரியில் மூழ்கி 29 பேர் இறந்தனர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கத்தில், மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அவர்களுள் தமிழகத்துச் சுற்றுலாப் பயணிகளும் இருந்தனர். இவ்விரண்டிலும் படகை நடத்தியது அரசின் அமைப்பு என்பதால், உரிமம் தருபவரும் உரிமம் பெறுபவரும் ஒருவரே ஆகிவிடும்போது கண்காணிப்பது யார் என்ற கேள்வி எழுந்தது.

2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் சுற்றுலா சென்றவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகிலிருந்து மாற்றிக் கட்டப்பட்ட ஈரடுக்குப் படகு, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றி, பொழுது சாய்ந்த பின் புறப்பட்டு, 22 உயிர்களைப் பறித்தது. மீனவரின் உழைப்புக்கென உருவான கலம் பயணிகளின் பொழுதுபோக்குக்கு மாறும்போது, மீன்பிடிச் சட்டத்துக்கும் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்கும் இடையிலுள்ள வெளியில் அது நழுவிவிடுகிறது. தானூர் வழக்கில் காவல்துறை உரிமையாளர் மீது கொலைக் குற்றப் பிரிவையே சேர்த்ததும், கேரள உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்ததும் கரையில் இருந்தவரின் பொறுப்பை முன்னிறுத்திய நிகழ்வுகள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா சென்ற 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தபோது, படகில் கொள்ளளவுக்கு மேல் ஆட்கள் இருந்ததும், பலருக்கு மிதவைச் சட்டை தரப்படாததும் தெரியவந்தன.

இவற்றிலிருந்து வேறுபட்டது 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்துக்கு அருகே நிகழ்ந்தது. இயந்திரச் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படை விரைவுப் படகு, எலிஃபண்டாவுக்குச் சென்றுகொண்டிருந்த ‘நீல்கமல்’ என்ற பயணிகள் படகின்மீது மோதியது. செலுத்தும் முறையே கேள்விக்குள்ளான இவ்விபத்தில், முதல் தகவல் அறிக்கை புதிய 106(1), 282 ஆகிய பிரிவுகளைத் தாங்கியது. இதைத் தவிர்த்து மேற்சொன்னவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், கவிழ்ந்த கணத்தில் நிகழ்ந்த பிழையைவிட, கயிறு அவிழ்க்கப்படுவதற்கு முன் நிகழ்ந்த பிழைகளே மிகுதி என்பது தெளிவாகும். தலைகளை எண்ணாதது, மிதவைச் சட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது, சான்றில்லாத படகை நீரில் இறக்கியது ஆகிய அனைத்தும் 282ஐவிட 284ஆம் பிரிவின் பொருளுக்கே நெருக்கமானவை.

5. பிற நாடுகளின் வழி

கரையில் இருப்பவரைச் சட்டத்தால் எட்டுவது எப்படி என்ற வினாவை அமெரிக்கா நீராவிக் கப்பல் காலத்திலேயே எதிர்கொண்டது. 1838இல் வேர்கொண்ட அந்நாட்டுச் சட்டம், கலத்தில் பணிபுரியும் தலைவர், பொறியாளர், வழிகாட்டி ஆகியோரின் சாதாரணக் கவனக்குறைவால் உயிர் போனாலும் பத்தாண்டு வரை சிறை என்கிறது. உரிமையாளரையும் சோதனை அலுவலரையும் அதே பிரிவில் பெயர் சுட்டிச் சேர்க்கிறது. 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கின் கிழக்காற்றில் ‘ஜெனரல் ஸ்லோகம்’ என்ற நீராவிக் கப்பல் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மிதவைச் சட்டைகளின் தக்கை மக்கிப்போயிருந்தது வெளிப்பட்டது. சில வாரங்களுக்கு முன்புதான் அக்கப்பல் சோதனையில் தேறியிருந்தது. ஆயினும் சிறைக்குச் சென்றவர் கப்பல் தலைவர் ஒருவரே. சட்டத்தின் சொல் கரையை எட்டியும், அதைச் செயற்படுத்திய கை எட்டவில்லை. 2019 செப்டம்பரில் கலிபோர்னியாக் கடலில் ‘கன்செப்ஷன்’ படகு தீப்பிடித்து 34 பேர் இறந்த வழக்கில், இரவுக் காவல் வைக்காத படகுத் தலைவர் அதே பிரிவின்கீழ்க் குற்றவாளியெனக் காணப்பட்டு, 2024இல் நான்காண்டுச் சிறை பெற்றார்.

பிரிட்டனில் 1987இல் ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ கவிழ்ந்து 193 பேர் இறந்த பின், நிறுவனத்தின் மீது தொடர்ந்த வழக்கு தோற்றது. அத்தோல்வியும் அதைப் போன்ற பிறவும் நிறுவனத்தையே குற்றவாளியாக்க வழிசெய்யும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இட்டுச்சென்றன. தென்கொரியாவில் 2014 ஏப்ரல் 16 அன்று ‘செவோல்’ மூழ்கி 304 பேர் இறந்த வழக்கில், பயணிகளைக் கைவிட்டுத் தப்பிய தலைவருக்குக் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் சிறை உறுதியானதோடு, மிகைப் பாரத்துக்கு இடம்கொடுத்த நிறுவனத் தலைமை அலுவலரும் சிறை சென்றார்.

6. தண்டனையின் அளவும் வேளையும்

இந்தியச் சட்டத்தில் திருத்த வேண்டியவை உண்டு. சுக்கான் பிடித்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் சட்டம், அந்த மிகைப் பாரத்தால் பணம் ஈட்டும் உரிமையாளரை எட்டும் பிரிவில் 5,000 ரூபாயோடு நின்றுவிடுவது முறையன்று. ஒரு பயணிக்கு 200 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், நடைக்குப் பத்துப்பேரை மிகையாக ஏற்றும் உரிமையாளர் மூன்றே நடையில் அந்த அபராதத்தின் உச்சத்தைவிட மிகுதியாகச் சம்பாதித்துவிடுவார். ஆதாயத்தைவிடச் சிறிய அபராதம், தண்டனை என்ற தன்மையை இழந்து தொழிற்செலவாகிவிடும். கூலிக்கு என்ற வரம்பும் மறு ஆய்வுக்குரியது.

ஆனால் அளவைக் காட்டிலும் வேளையே முதன்மையானது. 282, 284 ஆகிய இரண்டும் காவல்துறை பிடியாணையின்றியே நடவடிக்கை எடுக்கத்தக்கவை. குற்றவியல் நடுவர் சுருக்கமுறையில் விசாரித்து முடிக்கத்தக்கவை. ஆறு மாதச் சிறைக்குரிய குற்றம் என்பதால், அதை மட்டும் தனித்து நிறுத்தினால் ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை ஏற்றாக வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு. அதாவது இவை விரைந்து பயன்படுத்துவதற்கென்றே வார்க்கப்பட்ட கருவிகள். ஐம்பது பேர் ஏறிய முப்பதுபேர்ப் படகு பத்திரமாகக் கரை திரும்பிய நாளிலும் 284ஆம் பிரிவின்கீழ்க் குற்றம் முழுமையாக நிகழ்ந்திருக்கிறது. சாட்சிகள் அனைவரும் உயிரோடு கரையில் நிற்கிறார்கள். காரணச் சங்கிலியை நிறுவ வேண்டிய தேவையே இல்லை. காவிரியில் வரத்து கூடும்போது ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத்தை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவைப்பதும் இதே அறிவின் வெளிப்பாடே. விபத்துக்குக் காத்திராமல் ஆபத்தையே தடுக்கும் நடைமுறை அது.

மரணத்துக்குப் பின் கொலைப் பிரிவைச் சேர்ப்பது சினத்துக்கு வடிகாலாகலாம். அறிவையும் நேரடிக் காரணத்தையும் நிறுவ முடியாமல் மேல்முறையீட்டில் அது கரையும் இடரும் உண்டு. மிகைப் பாரத்தோடு புறப்பட்ட படகின்மீது, அது திரும்பி வந்த அன்றே தொடரப்படும் சிறு வழக்குக்கு அந்த இடர் இல்லை. 1860இல் நீர்வழிப் பிரிவுகளை எழுதியவர்கள் மரணம் என்ற சொல்லை அவற்றில் சேர்க்கவில்லை. அந்தப் பிரிவுகளைப் படகுத்துறையில், சீட்டு விற்கும் இடத்தில், கயிறு அவிழ்வதற்கு முன் பயன்படுத்துவதே அவற்றை நேர்மையாகப் பயன்படுத்துவதாகும்.